தேர்வு மண்டபம் வீடு தேடி வந்த காலம்

கல்விக்கூடங்களில் மாணவர் மிகுதியாக அஞ்சும் இடம் தேர்வு மண்டபம் என்பர். வரிசையாக இடப்பட்ட மேசைகள், சுவரில் தொங்கும் கடிகாரம், மெல்லடி வைத்து உலவும் கண்காணிப்பாளர், எவரும் வாய் திறக்கலாகாது என்னும் கட்டளை ஆகியவை அவ்விடத்தைச் சிறைக்கூடத்திற்கு ஒப்பிட்டுப் பேசும் வழக்கத்தை வளர்த்துவிட்டன. ஆயினும், 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பல்கலைக்கழக வாயில்கள் அடைக்கப்பட்டு, தேர்வு மாணவரின் வீட்டிற்கே இடம்பெயர்ந்தபோதுதான், அம்மண்டபம் அத்தனை காலமும் ஓசையின்றிச் செய்து வந்த தொண்டு வெளிப்பட்டது. காவல் காத்த மண்டபமே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மேசையையும் ஒரு விளக்கையும் மூன்று மணி நேர அமைதியையும் வழங்கி வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அம்மேசை ஒரே அளவினதாக இருந்தது. அந்த மேசை அகற்றப்பட்டபோது நிகழ்ந்தவற்றை அறிந்துகொள்வது, கல்வியில் நாட்டமுடையோர் அனைவர்க்கும் கடமையாகும்.

மண்டபம் தோன்றிய வரலாறு

தேர்வு என்பது தொடக்கத்தில் பெரிதும் வாய்மொழியாகவே நிகழ்ந்தது. தமிழ்ப் புலவர் தம் நூலைச் சான்றோர் அவையில் அரங்கேற்றினர். அவையோர் எழுப்பிய ஐயங்களுக்கு அங்கேயே விடை பகர்ந்தனர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் இலத்தீன் மொழியில் வாதிட்டே பட்டம் பெற்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவ்வாய்மொழி வாதம் படிப்படியாகத் தளர்ந்து, எழுத்துத் தேர்வு நிலைபெற்றது 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்துத் தேர்வை அரசாட்சியின் தூண்களுள் ஒன்றாக நாட்டிய நாடு சீனம். அரசுப் பணிக்கு ஆள் தெரிவு செய்யும் தேர்வு முறை அங்கு 7ஆம் நூற்றாண்டளவில் வேரூன்றி, 1905ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நீடித்தது. நாஞ்சிங் நகரின் தேர்வு வளாகம் உச்சநிலையில் இருந்த காலத்தில், அங்கு 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. சோங் மரபினர் ஆட்சியில் (960–1279) விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டது. அதுவும் போதாதென்று, கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாதிருக்கும் பொருட்டு, எழுத்தர்கள் ஒவ்வொரு விடையையும் படியெடுத்த பின்னரே அது திருத்துவோர் கைக்குச் சென்றது. இன்னார் மகன், இன்ன ஊரினன் என்னும் செய்தி விடைத்தாளை எட்டலாகாது என்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம்.

அந்தத் தேர்வுக்காகப் பல ஆண்டுகள் அமர்ந்து படிக்கும் வசதி எல்லார்க்கும் வாய்க்கவில்லை. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. எனினும், தேர்வு நடைபெறும் அச்சில நாள்களிலேனும் குடும்பத்தின் நிழல் தாளின்மீது விழலாகாது என்ற எண்ணம் அங்கு முளைவிட்டது. பிற்காலத் தேர்வு மண்டபங்கள் யாவும், அறிந்தோ அறியாமலோ, அவ்வெண்ணத்தையே சுமந்து நின்றன.

கடல் கடந்த விடைத்தாள்கள்

தொலைவில் இருந்துகொண்டு படிப்பதும் தேர்வெழுதுவதும் பெருந்தொற்றுக் காலத்தின் கண்டுபிடிப்புகள் அல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே, மாணவர் எங்குப் படித்திருப்பினும் தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்துவிட்டது. அதன்பின் அப்பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் ஆங்கிலப் பேரரசின் குடியேற்ற நாடுகளிலும் நடைபெற்றன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பகலில் பள்ளியில் கற்பித்து, இரவில் விளக்கடியில் படித்து, இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் பலர் இருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, போர்க் கைதிகளின் முகாம்களில்கூட அப்பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் நடைபெற்றன என்பது வியப்பிற்குரிய செய்தியாகும்.

கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வுகளை எழுதிய மலாயா மாணவரின் விடைத்தாள்களோ கப்பலேறி இங்கிலாந்து சென்றன. முடிவுக்காக மாணவர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஆனால், விடைத்தாள் கடல் கடந்ததேயன்றி, மண்டபம் உள்ளூரிலேயே இருந்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பெற்று, 1971இல் வானொலி, தொலைக்காட்சி, அஞ்சல் ஆகியவற்றின் துணையோடு கற்பிக்கத் தொடங்கியது. அதே 1971ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் வளாகத்திற்கு வெளியே இருப்போர்க்கான தொலைக்கல்வியைத் தொடங்கி, நாட்டில் அத்துறைக்கு முன்னோடியாயிற்று. தொலைக்கல்வியில் பாடம் வீட்டிற்கு வந்தது. இறுதித் தேர்வுக்கோ பொதுவான ஓர் இடம் வேண்டும் என்பதே பொது வழக்காயிருந்தது. மேசையும் மண்டபமும் இன்றி இறுதித் தேர்வை நடத்தலாம் என்று துணிந்தோர் அந்நாளில் மிகச் சிலரே.

அடைக்கப்பட்ட வாயில்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 16ஆம் நாள் இரவு மலேசியப் பிரதமர் முகைதீன் யாசின் அறிவித்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஒருசேர மூடப்பட்டன. உலக அளவில் இந்நோயால் கல்வி தடைப்பட்டோரின் எண்ணிக்கை உச்சநிலையில் ஏறத்தாழ 150 கோடி என யுனெஸ்கோ கணக்கிட்டது.

பள்ளிகளைப் பொறுத்தவரை, தேர்வை ஒத்திவைக்கவோ நீக்கவோ முடிந்தது. ஆறாம் ஆண்டு மாணவருக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வும் மூன்றாம் படிவ மாணவருக்கான பி.டி.3 தேர்வும் அவ்வாண்டு நடைபெறா என ஏப்ரல் 15ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வு 2021ஆம் ஆண்டிற்குத் தள்ளிப்போயிற்று. பல்கலைக்கழகங்களின் நிலையோ வேறு. பருவங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கல்விக் கடனும் உதவித்தொகையும் பட்டம் பெறும் நாளும் பருவத் தேர்வைச் சார்ந்திருந்தன. மே மாதம் 27ஆம் நாள் உயர்கல்வி அமைச்சு வெளியிட்ட அறிவிப்பின்படி, சில விலக்குகள் நீங்கலாக, அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள்வரை கற்றல் கற்பித்தல் அனைத்தும் இயங்கலையிலேயே நடைபெற வேண்டும் என்றாயிற்று. பாடத்தைத் தொடர்ந்து தேர்வும் இயங்கலைக்கு மாறியது.

அதற்குரிய கருவிகள் எத்தனை வீடுகளில் இருந்தன? பள்ளி மாணவர் ஏறத்தாழ 9 இலட்சம் பேரைப் பற்றி அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் மின்னியல் கருவி எதுவுமே இல்லை என்பது தெரியவந்தது. பெரும்பாலோரின் கைக்கு எட்டிய கருவி, திறன்பேசி ஒன்றே. அவ்வீடுகளின் மூத்த பிள்ளைகளுள் சிலரே பல்கலைக்கழக மாணவராயும் இருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், நிலைமை விளங்கும். ஏப்ரல் முதல் நாளிலிருந்து, காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை, நாள்தோறும் 1 ஜிகாபைட் தரவு கைப்பேசிப் பயனாளர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. அது நல்லதோர் உதவிதான். ஆனால், அலைவரிசையே எட்டாத ஊரில் இலவசத் தரவு, கிணறில்லாத ஊரில் கொடுத்த வாளியாயிற்று.

வீடே மண்டபமானபோது

சபா மாநிலத்தின் வடபகுதியில் உள்ளது பித்தாஸ் வட்டாரம். அங்குள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த, சபா மலேசியப் பல்கலைக்கழகத்தில் அடித்தளக் கல்வி பயின்ற 18 வயது மாணவி ஒருவர், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இயங்கலைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. வீட்டில் இணையத் தொடர்பு நிலையாகக் கிடைக்கவில்லை. அவர் உணவும் நீரும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு மரமொன்றின்மீது ஏறி, ஓர் இரவும் பகலும் அங்கேயே தங்கித் தம் தேர்வுகளை எழுதினார். அதனைப் படம்பிடித்து அவர் வெளியிட்ட காணொளி நாடெங்கும் பரவியது. ஒரு பல்கலைக்கழகத் தேர்வு மண்டபத்தின் மேசை, ஒரு மரக்கிளையாக மாறிய காட்சியை மக்கள் கண்டனர்.

அதைவிடத் துயரமானது பின்னர் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்ற மேலவையில் இச்செய்தி எழுந்தபோது, துணையமைச்சர் நிலையில் இருந்தோரே அம்மாணவி தேர்வு எழுதவில்லை என்று கூறினர். தேர்வுகள் நடைபெற்றதைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தியது. அதன்பின் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. தேர்வெழுதிய மாணவி, தாம் பட்ட துன்பம் உண்மைதான் என்பதற்கும் ஒரு தேர்வு எழுத வேண்டியதாயிற்று எனலாம்.

மரம் ஏறியவரை உலகம் அறிந்தது. மரம் ஏறாமலேயே இடர்ப்பட்டவர்களோ எண்ணிறந்தோர். மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில், மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஒரு கைப்பேசியும் பொதுவாக இருந்தன. தம்பியின் வகுப்பு முடிந்தால்தான் அக்காளின் தேர்வு தொடங்கும். தோட்டப்புற வீடுகளில், மழை வலுத்தால் அலைவரிசை அறுந்தது. நகரங்களில் இணையம் தரும் கடைகளும் நூலகங்களும் அடைபட்டுக் கிடந்தன. கையால் விடை எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரே கோப்பாகத் தொகுத்து, குறித்த நிமிடங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்னும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. விடை தெரிந்தும், கோப்பு மேலேறும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்க, நேரம் கடந்துபோனதால் மனமுடைந்தோர் பலர்.

வசதி மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பல்கலைக்கழகத் தரத்துப் பாடங்களில் பள்ளி மாணவருக்கு அமெரிக்கக் கல்லூரி வாரியம் நடத்தும் தேர்வுகள், 2020 மே மாதத்தில் 45 நிமிடங்களாகச் சுருக்கப்பட்டு இயங்கலையில் நடைபெற்றன. உலகெங்கும் ஒரே வேளையில் அவை நடந்தமையால், ஆசிய நாடுகளின் மாணவர் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுத நேர்ந்தது. சில கைப்பேசிகள் எடுத்த படத்தின் கோப்பு வகையைத் தேர்வுத் தளம் ஏற்கவில்லை. அதனால் விடைகளை ஒப்படைக்க இயலாது போன மாணவர்க்கு ஜூன் மாதத்தில் மறுதேர்வு வாய்ப்பு அளிக்கப்பட்டது. மண்டபத்தில் மாணவர் எழுதி முடித்த தாளைக் கண்காணிப்பாளர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு பெரிய உறுதிப்பாடு என்பது அது இல்லாதபோதுதான் புலப்பட்டது.

கண்காணிப்பும் ஐயமும்

மண்டபத்தின் மேசை வீட்டிற்கு வரவில்லை. ஆனால், மண்டபத்தின் காவல் மட்டும் வந்து சேர்ந்தது. தேர்வு முழுமையும் ஒளிப்படக் கருவியை இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்றும், எழுதும் கையும் திரையும் தெரியுமாறு மற்றொரு கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும் என்றும் விதிகள் பிறந்தன. ஒரு கைப்பேசிக்கே வழியில்லாத வீட்டில் இரண்டாவதற்கு எங்கே போவது? மேலைநாடுகளில் கண்காணிப்பு மென்பொருள்கள் மாணவரின் முகத்தையும் பார்வையையும் அசைவையும் பதிவு செய்தன. அறையில் வேறொருவர் நடந்தாலும், மாணவர் நெடுநேரம் வேறு திசையில் நோக்கினாலும், ஐயக் குறி இடப்பட்டது.

இவை நீதிமன்றம்வரை சென்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், 2021இல் வேதியியல் தேர்வுக்கு முன்னர்த் தம் படுக்கையறையைச் சுற்றிக் காட்டுமாறு பணிக்கப்பட்ட கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஒரு நிமிடத்திற்குள் முடிந்த செயல்தான் அது. ஆயினும், அது வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பானது. அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022 ஆகஸ்ட்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கறுப்பின மாணவி ஒருவர், கண்காணிப்பு மென்பொருள் தம் முகத்தை அடையாளம் காணத் தவறியது என்றும், தேர்வெழுதும்போது முகத்திற்கு நேரே விளக்கை ஏற்றி வைக்க நேர்ந்தது என்றும் முறையிட்டார். நிறப்பாகுபாடு நிகழ்ந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு என 2022 டிசம்பரில் அந்நாட்டு மனித உரிமைக் கழகம் கூறியது. மென்பொருளால் அவர் பாகுபாட்டிற்கு உள்ளானமை மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2023 அக்டோபரில் அது முடிவு செய்தது. எனினும், அவருடைய புகார் மேலும் கவனத்துடன் கையாளப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சுட்டியது.

அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் 2021ஆம் ஆண்டில் 17 மாணவர்மீது, தேர்வின்போது பாடக் குறிப்புகளைத் திறந்து பார்த்தனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. சான்றாகக் காட்டப்பட்டது பாடத்தளத்தின் பதிவேடு. எவரும் தொடாதபோதும் கருவிகள் தாமாகவே அத்தளத்துடன் தொடர்பு கொண்டு பதிவுகளை உண்டாக்கவல்லன என்பது பின்னர் வெளிப்பட்டது. ஜூன் மாதத்தில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. மருத்துவராக வேண்டிய இளைஞர் தம் எதிர்காலம் என்னவாகுமோ என்று கலங்கிய அந்நாள்களை எந்த அறிக்கையாலும் திருப்பித் தர இயலாது.

இவ்விடத்தில் நடுநிலை தவறலாகாது. இயங்கலைத் தேர்வில் முறைகேடு நிகழவே இல்லை என்று எவரும் வாதிட மாட்டார். விடைகளைக் குழுவாகப் பகிர்ந்தோரும், பணம் கொடுத்துப் பிறரை எழுதச் செய்தோரும் உண்டு. நேர்மையாக எழுதிய மாணவரே அதனால் முதலில் பாதிக்கப்பட்டார். ஆனால், ஐயத்தையே அடிப்படையாகக் கொண்டு எழுப்பிய காவல், கள்வரைப் பிடித்ததினும் எளியோரை அலைக்கழித்ததே மிகுதியோ என்னும் கேள்வி எழாமலில்லை.

தேர்வை நீக்கிய நாட்டின் பாடம்

அவ்வாறாயின், தேர்வையே நீக்கிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? இங்கிலாந்து அவ்வழியில் சென்று பார்த்தது. பல்கலைக்கழக நுழைவுக்குரிய ஏ நிலைத் தேர்வுகள் 2020இல் கைவிடப்பட்டன. ஆசிரியர் அளித்த மதிப்பீட்டைப் பள்ளியின் கடந்தகாலத் தேர்ச்சியோடு ஒப்பிட்டுக் கணினிக் கணிப்பு முறை ஒன்று திருத்தியமைத்தது. ஆகஸ்ட் 13ஆம் நாள் முடிவுகள் வெளிவந்தபோது, 39.1 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் அளித்ததினும் குறைக்கப்பட்டிருந்தன. பின்தங்கிய பள்ளியில் படித்த திறமைசாலி, தமக்கு முன் அங்குப் படித்தவர்களின் தேர்ச்சியால் தண்டிக்கப்பட்டார். மாணவர் வீதியில் இறங்கினர். நான்கு நாள்களில், ஆகஸ்ட் 17ஆம் நாள், அரசு பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. சோங் மரபினர் விடைத்தாளிலிருந்து அழிக்க முயன்ற ஊரும் பின்னணியும், 1000 ஆண்டுகளுக்குப் பின் கணினியின் வழியாக மீண்டும் தாளில் வந்து அமர்ந்தன.

அதே வேளையில், இடரிலிருந்து சில நன்மைகளும் விளைந்தன. மனனம் செய்ததை ஒப்பிக்கும் வினாவை வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் கேட்டுப் பயனில்லை என்பதை உணர்ந்த விரிவுரையாளர் பலர், நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வையும், சிந்தித்து விடை காண வேண்டிய வினாவையும் அமைத்தனர். ஒரே நாளில் ஒரு பருவத்தின் உழைப்பை அளப்பதற்கு மாறாக, சிறு சிறு பணிகளாகப் பகுத்து மதிப்பிடும் தொடர் மதிப்பீடு வலுப்பெற்றது. நேரில் காணாவிடினும், திரை வழியே மாணவரை வினவி அவர் அறிவை அளக்கும் வாய்மொழித் தேர்வும் பல துறைகளில் புத்துயிர் பெற்றது. நோயுற்றோர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் தொலைவிலிருந்து எழுதும் வாய்ப்பு ஒரு வரமாயிற்று.

மண்டபம் திரும்பிய பின்

மலேசியாவில் 2021 அக்டோபர் 15ஆம் நாளிலிருந்து மாணவர் கட்டங்கட்டமாகப் பல்கலைக்கழக வளாகங்களுக்குத் திரும்பினர். 2022 ஏப்ரல் முதல் நாள் நாடு குறுந்தொற்று நிலைக்கு மாறும் கட்டத்தில் அடியெடுத்து வைத்தது. மேசைகள் மீண்டும் வரிசையாக இடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி வெளியிடப்பட்டது. வினாவைக் கொடுத்தால் நொடியில் கட்டுரை எழுதித் தரும் அக்கருவியின் வருகையால், வீட்டில் எழுதும் தேர்வின்மீதிருந்த நம்பிக்கை மேலும் தளர்ந்தது. பல நாடுகளில் விரிவுரையாளர் கையெழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் திரும்பலாயினர். அரங்கேற்ற அவையும் இலத்தீன் வாதமும் வேறொரு வடிவில் மீண்டும் வந்துள்ளன எனில் மிகையன்று.

ஆனால், மண்டபம் திரும்பிவிட்டது என்பதால் 2020ஆம் ஆண்டின் பாடத்தை மறந்துவிடலாகாது. வெள்ளமும் நோயும் இனி வாரா என்று உறுதி கூறுவார் யார்? தேர்வு மறுபடியும் வீடு தேடிச் செல்ல நேருமாயின், காவலுக்கு முன்னர் மேசை செல்ல வேண்டும். கருவி இல்லாதவர்க்குக் கருவியும், இணையம் எட்டாதவர்க்கு அருகிலுள்ள பள்ளியிலோ நூலகத்திலோ மண்டபத்திலோ ஓர் இருக்கையும், தொடர்பு அறுந்தவர்க்கு மறுவாய்ப்பும், ஐயத்திற்குள்ளானவர்க்குத் தம் சொல்லை எடுத்துரைக்கும் உரிமையும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும். இவை சலுகைகள் அல்ல. தேர்வு மண்டபம் கேட்காமலேயே நாள்தோறும் வழங்கி வந்தவை.

தேர்வு என்பது மாணவரின் அறிவை அளக்கும் கோல். அக்கோல் அவர் வீட்டின் கூரையையும் கைப்பேசியின் விலையையும் அளக்கத் தொடங்குமாயின், அது கோல் என்னும் பெயரையே இழந்துவிடும். பித்தாஸில் மரமேறிய மாணவி எழுதிய விடைகளுக்கு மதிப்பெண் இட்டோர் பல்கலைக்கழகத்தில் இருந்தனர். அவரை மரத்தின்மீது ஏறச் செய்த நிலைக்கு மதிப்பெண் இட வேண்டியவர்கள் சமுதாயத்தினர் அனைவருமே.